முதல் இருபது நிமிடம்

நுழையும் முன்

ஏலக்காடுகள் நிறைந்த உடும்பஞ்சோலை வட்டத்தில், விடியற்காலையிலேயே பெற்றோர் தோட்ட வேலைக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் மலையேறிவரும் ஜீப்புகள் மேட்டைக் கடக்கும் வேளையில், லயத்து வீடுகளில் அக்காவோ அண்ணனோ தம்பி தங்கையருக்குக் கஞ்சி சூடாக்கிக்கொண்டிருப்பர். அடுப்படியில் அப்போது பெரியவர் எவரும் இருப்பதில்லை. அந்நேரத்தில் கொதிநீர் கவிழ்ந்தால் உதவ வேண்டியவர் யார்? அருகிலிருக்கும் நீங்கள்தாம். தீக்காயத்தை இனங்காணவும், மருத்துவரிடம் சேர்க்கும் வரை காக்கவும் இப்பாடம் உங்களுக்கு உதவும்.

ஏலமலையில் நெருப்பு

மலைநாட்டு வாழ்வில் வெப்பம் இன்றியமையாதது. பறித்த பச்சை ஏலக்காயை உடனே உலர்த்தாவிட்டால் அதன் நிறம் கெடும், விலையும் குறையும். எனவே, 'ஸ்டோர்' என்று நம்மவர் அழைக்கும் உலர்த்தும் கூடத்தில் அடுப்பு மூட்டி, அதன் வெப்பத்தைத் தகரக் குழாய்களின் வழியே அறைக்குள் செலுத்துகின்றனர். காய் காய்வதற்கு ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் அந்த அடுப்பு எரிய வேண்டும். சூடான குழாயில் கை பட்டாலும், அடுப்பு வாயிலிருந்து கங்கு தெறித்தாலும் தோல் வெந்துவிடும்.

வீட்டிலும் இடர்கள் பல உள்ளன. விறகடுப்பு, எரிவாயு அடுப்பு, மண்ணெண்ணெய் விளக்கு, சோறு வடிக்கும் கஞ்சி, குளிப்பதற்குக் காய்ச்சிய வெந்நீர் ஆகிய யாவும் தீக்காயத்திற்குக் காரணமாகக்கூடும். மலையுச்சியில் நீர் 100 டிகிரி செல்சியஸுக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடும். கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் உயரத்தில் அதன் கொதிநிலை ஏறத்தாழ 97 டிகிரி. அதனால் ஆபத்துக் குறைந்துவிட்டதாக எண்ண வேண்டா. 60 டிகிரி வெப்பமுள்ள நீர் சில நொடிகளிலும், 70 டிகிரி வெப்பமுள்ள நீர் ஏறத்தாழ ஒரு நொடியிலும் தோலை ஆழமாகப் புண்ணாக்கிவிடும். குழந்தைகளின் தோல் மெல்லியது. ஆதலால் இன்னும் விரைவாக வெந்துவிடும்.

இந்தியாவில் ஒவ்வோர் ஆண்டும் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நடுத்தரமான அல்லது கடுமையான தீக்காயம் அடைவதாக உலக நல்வாழ்வு நிறுவனம் கூறுகிறது. அவற்றுள் பெரும்பாலானவை வீட்டிலும் வேலை செய்யும் இடத்திலும் நேர்பவை, தடுக்கக் கூடியவை.

தோலின் அமைப்பு

தீக்காயத்தின் கடுமையை அறிய, முதலில் தோலை அறிதல் வேண்டும். உடலுறுப்புகளுள் மிகப் பெரியது தோலே. அது நோய்க்கிருமிகள் உள்ளே புகாமல் தடுக்கிறது. உடலின் நீர் வெளியேறாமல் காக்கிறது. உடல் வெப்பத்தையும் சீராக வைத்திருக்கிறது.

தோலில் இரண்டு அடுக்குகள் உள்ளன. வெளியே இருப்பது மேல்தோல். அது மெல்லியது, அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. அதற்குக் கீழே இருப்பது உள்தோல். இரத்தக் குழாய்கள், நரம்பு முனைகள், வியர்வைச் சுரப்பிகள், மயிர்க்கால்கள் ஆகியவை இதில் அமைந்துள்ளன. உள்தோலுக்கு அடியில் கொழுப்பும், அதற்கும் கீழே தசையும் எலும்பும் உள்ளன. வெப்பம் இவற்றுள் எதுவரை இறங்கியது என்பதே தீக்காயத்தின் நிலையை வரையறுக்கிறது.

தீக்காயத்தின் நிலைகள்

முதல் நிலை: மேல்தோல் மட்டும் பாதிக்கப்படும். தோல் சிவக்கும், எரியும், தொட்டால் வலிக்கும். கொப்புளம் தோன்றாது. கடும் வெயிலில் நெடுநேரம் நின்றவர்க்கு ஏற்படும் காயமும் இவ்வகையே. கருநிறத் தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. ஆகவே, அவ்விடத்தின் சூட்டையும் வலியையும் கொண்டே அறிதல் வேண்டும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் தழும்பின்றி ஆறிவிடும்.

இரண்டாம் நிலை: வெப்பம் மேல்தோலைக் கடந்து உள்தோலில் இறங்கியிருக்கும். நீர் கோத்த கொப்புளங்கள் எழும். கொப்புளம் உடைந்த இடம் ஈரமாகவும் இளஞ்சிவப்பாகவும் காணப்படும். நரம்பு முனைகள் உயிரோடு இருப்பதால் வலி மிகுதியாக இருக்கும். உள்தோலின் மேற்பகுதி மட்டும் வெந்திருந்தால் இரண்டு அல்லது மூன்று வாரங்களில் ஆறும். அடிப்பகுதி வரை வெந்திருந்தால் புண் வெளிறியும் திட்டுத்திட்டாகவும் தோன்றும், வலி சற்றுக் குறையும், ஆற மூன்று வாரத்துக்கு மேலாகும், தழும்பும் தங்கிவிடும்.

மூன்றாம் நிலை: தோலின் இரண்டு அடுக்குகளும் முழுவதுமாக வெந்துபோகும். அவ்விடம் வெண்மையாகவோ பழுப்பாகவோ கருகியோ காணப்படும்; பதனிட்ட தோல்போல் விறைத்திருக்கும். இங்கே வியப்பான, ஆனால் நினைவிற்கொள்ள வேண்டிய ஒரு செய்தி உண்டு. இக்காயத்தின் நடுவில் வலி இராது. வலியை உணர்த்தும் நரம்பு முனைகளே அழிந்துவிடுவது அதற்குக் காரணமாகும். "வலிக்கவில்லை, ஆகவே சிறு காயந்தான்" என்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிடுவோர் உண்டு. அவ்வாறு எண்ணுதல் பெருந்தவறு. சிறு காயம் அழச்செய்யும். பெருங்காயம் அமைதியாக இருக்கும்.

நான்காம் நிலை: வெப்பம் கொழுப்பையும் கடந்து தசை, எலும்பு வரை சென்றுவிடும். உயர்அழுத்த மின்சாரத்தால் நேரும் காயங்கள் சில இவ்வகையைச் சேர்ந்தவை.

ஒரே காயத்தில் இரண்டு மூன்று நிலைகள் கலந்திருப்பதும் உண்டு. மேலும், முதல் நாளில் மேலோட்டமாகத் தோன்றிய புண், இரண்டு மூன்று நாள்களில் ஆழமாகிவிடுவதும் உண்டு. அதனால், ஐயமிருப்பின் மருத்துவரிடம் காட்டுவதே நன்று.

பரப்பை அளத்தல்

ஆழத்தைப் போலவே பரப்பும் முதன்மையானது. இதனை மதிப்பிட மருத்துவர்கள் 'ஒன்பதின் விதி' என்னும் கணக்கைப் பயன்படுத்துகின்றனர். இது 1951ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. வளர்ந்தவரின் உடற்பரப்பை 100 பங்கு எனக் கொண்டால்,

தலையும் கழுத்தும் – 9
ஒவ்வொரு கையும் 9 – இரண்டும் 18
உடலின் முன்புறம் – 18
உடலின் பின்புறம் – 18
ஒவ்வொரு காலும் 18 – இரண்டும் 36
பிறப்புறுப்புப் பகுதி – 1

என்று பிரிக்கலாம். கூட்டிப் பாருங்கள், 100 வரும். கைக்குழந்தைக்கு இக்கணக்குப் பொருந்தாது. குழந்தையின் தலை உடலை நோக்கப் பெரியது. அது மட்டுமே ஏறத்தாழ 18 பங்கு ஆகும். கால்கள் அதற்கேற்பச் சிறியவை.

இதைவிட எளிய அளவுகோலொன்று உங்கள் உடலிலேயே உள்ளது. ஒருவரின் விரல்களுடன் சேர்ந்த உள்ளங்கை, அவருடைய உடற்பரப்பில் ஏறத்தாழ 1 பங்கு. காயம்பட்டவரின் கையையே அளவாகக் கொள்ள வேண்டும். தம்பிக்குக் காயமென்றால் தம்பியின் உள்ளங்கையே அளவுகோல்; உங்கள் கை அன்று.

முதலுதவி

அடுப்பை அணைத்த பின்னும், வெந்நீர் வழிந்தோடிய பின்னும், தோலுக்குள் புகுந்த வெப்பம் அங்கேயே தங்கி மேலும் மேலும் வேகவைக்கிறது. 1953ஆம் ஆண்டு ஜாக்சன் என்னும் மருத்துவர் தீக்காயத்தை மூன்று வட்டங்களாகப் பகுத்து விளக்கினார். நடுவட்டம் முற்றிலும் வெந்து இறந்த பகுதி. அதனை மீட்க இயலாது. வெளிவட்டம் சிவந்த பகுதி; அது தானே ஆறும். இரண்டுக்கும் இடையே உள்ள வட்டந்தான் உயிருக்கும் இறப்புக்கும் நடுவில் ஊசலாடுகிறது. உடனே குளிர்வித்தால் பிழைக்கும். காலந்தாழ்த்தினால் இறந்த பகுதியோடு சேர்ந்துவிடும். அந்த இடைவட்டத்தைக் காப்பதே முதலுதவியின் நோக்கம். அதற்குரிய மருந்து, குழாய்த் தண்ணீர்.

செய்ய வேண்டியவை வருமாறு:

1. முதலில் வெப்பத்திலிருந்து விலக்குக. ஆடையில் தீப்பற்றினால் ஓடக் கூடாது. ஓடினால் காற்றுப் பட்டுத் தீ வளரும். நிற்க வேண்டும், தரையில் படுக்க வேண்டும், முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு உருள வேண்டும். அருகிலிருப்பவர் கனமான பருத்திப் போர்வையையோ கம்பளியையோ போர்த்தித் தீயை அணைக்கலாம்.

2. காயத்தின்மேல் ஓடும் தண்ணீரை 20 நிமிடம் ஊற்றுக. கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், பதற்றத்தில் இரண்டு நிமிடமே இருபது நிமிடமாகத் தோன்றும். குழாய் இல்லாத லயங்களில் குடத்திலிருந்து குவளையால் மொண்டு மொண்டு ஊற்றலாம். காயம்பட்ட மூன்று மணி நேரத்துக்குள் குளிர்வித்தாலும் பயன் உண்டு.

3. வளையல், மோதிரம், கைக்கயிறு, கொலுசு, காலணி ஆகியவற்றை உடனே கழற்றுக. சற்று நேரத்தில் அவ்விடம் வீங்கிவிடும். அப்போது கழற்ற முடியாது. வெந்நீரில் நனைந்த ஆடையை நீக்குக. ஆனால், தோலோடு ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்த்தெடுக்கக் கூடாது; அதனைச் சுற்றிக் கத்தரித்துவிட வேண்டும்.

4. குளிர்வித்த பின், துவைத்து உலர்த்திய மெல்லிய பருத்தித் துணியால் தளர்வாக மூடுக. பஞ்சை நேராக வைக்கக் கூடாது. அதன் இழைகள் புண்ணில் ஒட்டிக்கொள்ளும்.

5. காயத்தைக் குளிர்வியுங்கள், காயம்பட்டவரைக் குளிரவிடாதீர்கள். மலைக்காற்றில் நனைந்த குழந்தையின் உடல் வெப்பம் விரைவாகக் குறைந்துவிடும். காயமில்லாத பகுதிகளைப் போர்வையால் மூடுங்கள். குழந்தை நடுங்கினாலோ சோர்ந்தாலோ தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு விரையுங்கள்.

செய்யக் கூடாதவை

பனிக்கட்டியை வைக்கக் கூடாது. அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி, பிழைக்க வேண்டிய இடைவட்டத்தையும் கொன்றுவிடும். பற்பசை, பேனா மை, நெய், தேங்காய் எண்ணெய், மாவு, மஞ்சள்தூள், காப்பித்தூள், முட்டையின் வெண்கரு ஆகியவற்றைப் பூசும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அன்போடுதான் பூசுகின்றனர். ஆயினும், அவை வெப்பத்தை உள்ளேயே அடைத்து வைக்கும், கிருமிகளைக் கொண்டுவரும், காயத்தின் நிறத்தை மறைத்து மருத்துவரைக் குழப்பும். பூசியதைக் கழுவி எடுப்பதே நோயாளிக்கு மற்றுமொரு வேதனையாகும்.

கொப்புளத்தை உடைக்கக் கூடாது. அது கிருமிகள் புகாமல் காக்கும் இயற்கையான மூடி. மயங்கியிருப்பவருக்கு நீரோ உணவோ புகட்டக் கூடாது.

பாட்டியோ சித்தியோ பற்பசையை எடுத்து வந்தால் எதிர்த்துப் பேச வேண்டியதில்லை. "முதலில் தண்ணீர் ஊற்றுவோம், பாட்டி, பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்" என்று பணிவாகக் கூறுங்கள். தண்ணீர் ஊற்றுவதை எவரும் தடுக்கமாட்டார்.

நெருப்பில்லாத தீக்காயங்கள்

தோட்டங்களில் பூஞ்சை நோயைத் தடுக்கப் போர்டோ கலவை தெளிக்கின்றனர். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அது ஆக்கப்படுகிறது. சுட்ட சுண்ணாம்பில் நீர் பட்டால் மிகுந்த வெப்பம் வெளிப்படும். ஆகவே, உலர்ந்த சுண்ணாம்புத்தூள் மேலே பட்டால், முதலில் அதனைத் துணியால் தட்டி நீக்கிவிட்டுப் பின்னரே மிகுதியான நீரால் கழுவ வேண்டும். ரப்பர்ப்பாலை உறையவைக்கும் அமிலம் பட்டால் உடனே நீர் ஊற்றலாம். கண்ணில் பட்டால் இமைகளை விரித்துப் பிடித்து, 20 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மிளகு பறிக்கும் அலுமினிய ஏணியோ இரும்புத் தோட்டியோ மின்கம்பியில் உரசினால் மின்சாரம் பாயும். அப்போது விழுந்தவரைத் தொடாதீர்கள்; தொட்டவர்க்கும் அதே நிலை நேரும். வீட்டு மின்சாரமாயின் முதன்மை மின்விசையை நிறுத்துங்கள். வெளிக்கம்பியாயின் விலகி நின்று, மின்வாரியத்தையும் பெரியவர்களையும் அழையுங்கள். மின்சாரம் நுழைந்த இடத்தில் சிறு புள்ளியே தெரியலாம். ஆனால், உள்ளே தசையும் இதயமும் பாதிக்கப்பட்டிருக்கக் கூடும்.

குரங்கணி கற்பித்த பாடம்

உடும்பஞ்சோலை வட்டத்திலுள்ள சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் சென்றால் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்தை அடையலாம். அங்கிருந்து கீழிறங்கும் காட்டுப்பாதை, தேனி மாவட்டத்தின் குரங்கணிக்குச் செல்கிறது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னை, ஈரோடு, திருப்பூர் ஆகிய ஊர்களிலிருந்து மலையேற்றத்திற்கு வந்திருந்த 30க்கும் மேற்பட்டோர் அப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தனர். கோடையின் தொடக்கம், ஆளுயரப் புல் காய்ந்து கிடந்தது. பிற்பகலில் காட்டுத்தீ அவர்களைச் சூழ்ந்தது.

தீ சமவெளியைவிடச் சரிவில் மேல்நோக்கி வேகமாகப் பரவும். கீழே எரியும் சுவாலை மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிவிடுவதே அதற்குக் காரணம். மலையேறி ஓடுபவரால் அந்த வேகத்தை வெல்ல இயலாது. அன்று 9 பேர் மலையிலேயே உயிரிழந்தனர்.

செய்தி அறிந்ததும் முதலில் ஓடிச்சென்றவர்கள் அம்மலையின் ஊர்மக்களும் தோட்டத் தொழிலாளர்களும் ஆவர். துணியில் தூளி கட்டிக் காயமுற்றோரை இருட்டில் சுமந்து இறக்கினர். வனத்துறையினரும் தீயணைப்பு வீரர்களும் காவலர்களும் இணைந்தனர். இந்திய வான்படையின் ஹெலிகாப்டர்களும் வந்தன. காயமுற்றோர் போடி, தேனி, மதுரை மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் சிலர் பின்வந்த நாள்களிலும் வாரங்களிலும் இறந்தனர். மொத்த இழப்பு 20ஐத் தாண்டியது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு காட்டுக்குள் மலையேறுவதற்கு விதிமுறைகளை வகுத்தது.

தீயிலிருந்து மீட்கப்பட்டவர்கள் ஏன் பின்னர் இறந்தனர்? இவ்வினாவுக்கான விடையே பெரிய தீக்காயத்தின் தன்மையை விளக்குகிறது. தோல் என்னும் மூடி அழிந்ததும், இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறுகிறது. இரத்த ஓட்டம் குன்றுகிறது, சிறுநீரகம் செயலிழக்கிறது. அதனைக் கடந்தவரையும் கிருமித்தொற்று தாக்குகிறது. சூடான புகையைச் சுவாசித்தவர்க்கு மூச்சுக்குழல் வீங்குகிறது.

எனவேதான், மருத்துவமனையில் முதலில் இரத்தக் குழாய் வழியே நீர்மம் ஏற்றுகின்றனர். அதற்கொரு கணக்கு உண்டு. நோயாளியின் எடையைக் காயத்தின் பரப்பால் பெருக்கி, அதனை 4ஆல் பெருக்க வேண்டும். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 20 பங்கு காயம் எனில், 4 × 50 × 20 = 4,000 மில்லிலிட்டர். இந்த 4 லிட்டர் நீர்மத்தில் பாதியைக் காயம்பட்ட முதல் 8 மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். மருத்துவமனைக்கு வந்த நேரத்திலிருந்து அன்று, காயம்பட்ட நேரத்திலிருந்து. அதனால்தான், "எத்தனை மணிக்கு நடந்தது?" என்று மருத்துவர் கேட்கிறார். மலைப்பாதையில் வீணாகும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த எட்டிலிருந்து கழிகிறது. தானே ஆறாத ஆழ்ந்த புண்ணுக்கு, உடலின் வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டவைக்கின்றனர்.

எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும்?

காயம்பட்டவரின் உள்ளங்கையைவிடப் பெரிய காயம், முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் நேர்ந்த காயம், வெளிறிய அல்லது கருகிய காயம், மின்சாரம், அமிலம், சுண்ணாம்பு ஆகியவற்றால் நேர்ந்த காயம், புகையைச் சுவாசித்தமை, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கோ முதியவர்க்கோ நேர்ந்த காயம் – இவற்றுள் ஒன்று இருப்பினும் தாமதியாது செல்க.

108 என்னும் அவசர ஊர்தி எண் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஒன்றே. தீயணைப்புத் துறைக்கு 101. கேரள மருத்துவமனையில் 'பொள்ளல்' என்று சொன்னால் தீக்காயம் என்று புரிந்துகொள்வர். அது மலையாளச் சொல். தமிழ் மட்டும் அறிந்த அம்மாவுக்கும் மலையாளம் பேசும் செவிலியர்க்கும் இடையே நின்று, எப்போது நடந்தது, எதனால் நடந்தது, எவ்வளவு நேரம் தண்ணீர் ஊற்றினோம் என்னும் மூன்று செய்திகளைத் தெளிவாகக் கூற உங்களால் முடியும். இரு மொழி அறிந்த பிள்ளை அவ்விடத்தில் பேருதவியாவாள்.

நிறைவாக

அடுப்படியில் பானையின் கைப்பிடியை உட்புறமாகத் திருப்பி வையுங்கள். வெந்நீரைத் தரையில் வைத்துவிட்டு அகலாதீர்கள். குளியலுக்கு விளாவும்போது தண்ணீரை முதலில் ஊற்றி, வெந்நீரைப் பின்னர் சேருங்கள். தைத்துக்கொள்ளும் சட்டை கிழிந்தால் ஊசி போதும். வெந்த தோலைத் தைக்க எளிய வழி இல்லை. ஆயினும், வெந்த அந்நொடியில் ஒரு குடம் தண்ணீரும் அமைதியான மனமும் உடைய ஒருவர் அருகிலிருந்தால், பெரும்பகுதியை மீட்டுவிடலாம். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.

சொற்பொருள்

இடர் – துன்பம், ஆபத்து
கங்கு – தணல் துண்டு
சுவாலை – தீக்கொழுந்து
விளாவுதல் – வெந்நீரில் தண்ணீர் கலந்து பதப்படுத்துதல்
தோட்டி – கனி பறிக்கும் கொக்கி பொருத்திய கோல்
மயில்துத்தம் – நீலநிற உப்புப்பொருள்

மதிப்பீடு

1. மூன்றாம் நிலைத் தீக்காயத்தின் நடுவில் வலி இல்லாதது ஏன்?
2. பனிக்கட்டி வைப்பதற்கும் தண்ணீர் ஊற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
3. வளர்ந்த ஒருவரின் வலக்கை முழுவதும், உடலின் முன்புறம் முழுவதும் வெந்துள்ளன. ஒன்பதின் விதிப்படி பரப்பைக் கணக்கிடுக.
4. சுண்ணாம்புத்தூள் பட்ட இடத்தில் உடனே நீர் ஊற்றக் கூடாது. காரணம் கூறுக.
5. உங்கள் வீட்டு அடுப்படியைப் பார்வையிட்டு, தீக்காயம் நேரக்கூடிய மூன்று இடங்களையும் அவற்றைத் திருத்தும் வழிகளையும் எழுதி, வீட்டிலுள்ளோர்க்குப் படித்துக்காட்டுக.